சங்கப் பொறுப்பை அடுத்த பட்ச்சுக்கு எப்படிக் கொடுப்பது? இலங்கை மலையகத்திலிருந்து கம்பஸ் போனவர்கள் வந்து பேசுங்கள்

கொட்டகலை மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன மாதப் பொதுக்கூட்டத்தில் எங்கள் தமிழ் மாணவர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள். எந்தக் கம்பஸ் என்று சொல்லவில்லை. யாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை.

பொறுப்பை ஒப்படைத்த அன்று பழைய குழு என்னிடம் தந்தது ஒரு பிஸ்கட் பெட்டி. உள்ளே ஒரு ரப்பர் முத்திரை, பாதி கிழித்த பற்றுச்சீட்டுப் புத்தகம், இரண்டு வருடத்துக்கு முந்திய கலைவிழாப் பதாகை. அவ்வளவுதான். கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதும் கூட்டறிக்கைப் புத்தகம் இல்லை, கணக்கு இல்லை, சங்க விதிகள் உள்ள யாப்பின் பிரதிகூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் தலைவருக்குத்தான் தெரியும், அவர் படிப்பு முடிஞ்சு போயிட்டாரே" என்கிறார்கள்.

அந்தத் தலைவர் அண்ணா மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ராப்பகலாக ஓடினார். மஸ்கெலியாவில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு நடத்தினோமே, அதற்கு அதிபரிடம் பேசியது, வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுத்தது, பஸ் பிடித்தது, சாப்பாட்டுக்கு அனுசரணை தேடியது எல்லாம் அவர் ஒருவரே. நாங்கள் இருபது பேர் அவர் சொன்ன இடத்தில் கதிரை அடுக்கினோம். இன்று அந்த அதிபரின் தொலைபேசி இலக்கம்கூட எங்களில் ஒருவரிடமும் இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். எங்கள் தோட்டத்தில் 'தலைவர்' என்றாலே அது தொழிற்சங்கத் தலைவர்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையிடம் பேச அவர் உள்ளே போவார், மற்ற எல்லோரும் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். வெளியே வந்து அவர் சொல்வதுதான் நடந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே கம்பஸுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று இந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து மனதை அரிக்கிறது.

சங்கத்தில் இருந்த அண்ணாமார், அக்காமாரிடம் கேட்கிறேன். அங்கே நீங்கள் உண்மையில் என்ன கற்றீர்கள்? யார் கற்றுத் தந்தார்கள்? போகும்போது எதை விட்டுவிட்டுப் போனீர்கள்? மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது மற்றது.

---

மலைரயில் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்ன பெட்டியை நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன். 2014ல் நான் ஒரு சங்கத்துக்கு இளம் பொருளாளர், அதாவது மாணவர் பக்கப் பொருளாளர்.

அந்த வருடம் ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. செய்தி வந்த அன்று மத்தியானமே சாமான் சேர்க்கத் தொடங்கினோம். இரண்டு நாளில் எங்கள் பொது அறை முழுக்க உடுப்பு. தலைவர் லொறி தேடி அலைந்துகொண்டிருந்தார். நான் காசு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏதோ பெரிய காரியம் செய்கிறோம் என்ற வேகம் எல்லோருக்கும்.

இரண்டாம் வருடத்துத் தங்கச்சி ஒருத்தி, பண்டாரவளைப் பக்கம், கூட்டங்களில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அங்க என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா?" ஒருவரும் கேட்கவில்லை. மக்கள் தங்கியிருந்த பாடசாலையில் அவளுக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இருந்தார். அந்த இடத்திலேயே போன் எடுத்தாள். டீச்சர் சொன்னது இதுதான்: உடுப்பு வேண்டாம், வைக்க இடமில்லை. உள்ளாடை இல்லை. பெண்களுக்கு நாப்கின் இல்லை. பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும் செருப்பும் வேண்டும்.

அன்று பின்னேரம் முழுப் பட்டியலும் மாறியது. பட்டியல் எழுதியவள் அவள். யார் எதைத் தந்தார், எது எந்தப் பெட்டியில் போனது என்று கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்தாள். பதவி இருந்தது எங்களிடம், அந்த மூன்று நாளும் சங்கத்தை நடத்தியவள் அவள். இதை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் நாங்கள் சொல்லவில்லை. அந்தக் குறை இன்றும் எனக்கு உண்டு.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரும் பொருளாளர் ஒரு விரிவுரையாளர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கணக்குப் புத்தகத்தோடு அவர் அறைக்குப் போக வேண்டும். பற்றுச்சீட்டு ஒட்டாத செலவுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு தடவை மூவாயிரம் ரூபா இடித்தது. சாப்பாட்டுக் கடையில் கொடுத்த காசு, சீட்டு வாங்க மறந்துவிட்டேன். "இதை நீ பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொல்" என்றார். மூன்று நாள் தூக்கமில்லை. எழும்பிச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அப்ப இனிமே கடைக்குப் போறப்ப ரெண்டு பேரா போவோமா அண்ணா?" அது எங்கள் சங்கத்தின் விதியாகிவிட்டது. இன்று ஒரு நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். பிழையை மறைக்காமல் நாலு பேர் முன்னால் சொல்லப் பழகியது அந்தக் கூட்டத்தில்தான், எந்தப் பாடத்திலும் இல்லை.

---

பதுளை வீதி எழுதியது:

எல்லோரும் கணக்கு, கொப்பி, பெட்டி என்றே பேசுகிறீர்கள். அதெல்லாம் எழுதுவினைஞர் வேலை. தலைமைக்கு முதலில் வேண்டியது நெஞ்சுறுதி.

மலையகத்தில் தலைமை எப்படி வந்தது என்று பாருங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களை எழுப்பினார். 1940ல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். 1977ல் டெவன் தோட்டத்தில் காணிக்காக நின்ற சிவனு லட்சுமணனும் சுடப்பட்டு இறந்தார். இவர்கள் கூட்டறிக்கை எழுதிப் பழகிவிட்டா வந்தார்கள்? எங்கள் பிள்ளைகள் கம்பஸில் பின்வாங்குவது பயத்தால். பயத்தைப் போக்குகிறவன்தான் தலைவன். மற்றது தானாக வரும்.

---

ஹாலிஎல அக்கா எழுதியது:

பதுளை வீதித் தம்பி, நெஞ்சுறுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடேசய்யர் பத்திரிகை நடத்தியவர். மீனாட்சி அம்மாள் பாடியதோடு நிற்கவில்லை, தன் பாட்டுகளை அச்சில் போட்டார். வாசிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பாட்டை மனதில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். தாங்கள் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வேண்டும் என்று இருவருமே யோசித்திருக்கிறார்கள். இந்தத் தங்கச்சி கேட்பதும் அதைத்தான்.

நான் பேச வந்தது வேறு. ஒருவரும் தொடாத விஷயம்.

உங்கள் சங்கங்களின் கடந்த சில வருடக் குழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலைவர் யார், உப தலைவர் யார், இதழாசிரியர் யார், கோலம் போட்டது யார். என் காலத்தில் நான் உப தலைவி. கலைவிழாவுக்கு மண்டபம் எடுத்தது நான், அழைப்பிதழ் திருத்தியது நான், ஒலிபெருக்கிக்காரரிடம் விலை பேசியது நான். விழா அன்று வரவேற்புரை தலைவர், தொகுப்புரை செயலாளர், எனக்கு ஆரத்தித் தட்டு. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. யாருக்கும் அது தவறாகவே படவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். ஒரு வருடம் கழித்துப் படங்களைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது.

என் அம்மா எங்கள் தோட்டத்தில் மாதர் தலைவியாக இருந்தவர். மேடையில் ஏறியதே இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் பால் சரியாகக் கிடைக்கவில்லை என்றாலும், பிரசவக் காசு தாமதமானாலும், மலையில் ஒருத்திக்குக் கொழுந்து நிறுவையில் குறைத்தாலும் பெண்கள் முதலில் வந்தது எங்கள் வீட்டு வாசலுக்கு. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து முழுக் கதையும் கேட்பார். குறுக்கே பேச மாட்டார். அப்புறம், "நாளைக்கு ஆபீசுக்கு நான் வாறேன், ஆனா நீதான் சொல்லணும்" என்பார். கொட்டகலைத் தங்கச்சி, எல்லாத் தோட்டத்திலும் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடவில்லை. எங்கள் வீட்டில் வேறு பழக்கமும் இருந்தது. அதற்குத் தலைமை என்று நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் சங்கத்தில் ஐந்து மணிக்குக் கூட்டம் கூடும், ஒன்றும் முடிவாகாது. இரவு பத்து மணிக்குப் பையன்களின் விடுதியில் தேத்தண்ணியோடு எல்லாம் முடிவாகிவிடும். காலையில் எங்களுக்கு வட்ஸ்அப்பில் செய்தி வரும். நான் ஒரே ஒரு விதிக்காகச் சண்டை போட்டேன்: கூட்டறிக்கையில் எழுதாத முடிவு முடிவல்ல. தம்பி, அந்த எழுதுவினைஞர் வேலைதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

---

பத்தனைப் பக்கம் எழுதியது:

நான் ஆசிரியர் கல்வித் துறையில் இருக்கிறேன். சங்கப் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளோடு பல வருடம் பழகியிருக்கிறேன். ஆரம்பப் பதிவை வாசித்ததும் பழைய ஆய்வு ஒன்று ஞாபகம் வந்தது.

1930களின் கடைசியில் குர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். ஒரு வகைக் குழுவில் பெரியவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்து உத்தரவு போட்டார். இன்னொரு வகையில் பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாவதில் பெரியவர் சும்மா இருந்தார், பிள்ளைகள் விட்டபடி விட்டார். உத்தரவு போட்ட இடத்தில் வேலை மோசமில்லை. ஆனால் பெரியவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழு அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. சும்மா விட்ட குழுவில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'எல்லோரும் சமம், யாரும் தலைவரில்லை' என்று சொல்லிவிட்டுச் சங்கத்தைக் கைவிடும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தலைவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார், தங்கச்சி. கம்பஸில் எல்லோரும் மூன்று நான்கு வருடத்தில் வெளியே போகிறவர்கள்தான். ஒரு கிராமச் சங்கத் தலைவர் இருபது வருடம் இருக்கலாம், மாணவர் சங்கத் தலைவருக்குக் கிடைப்பது ஒரே வருடம். அதில் முதல் மூன்று மாதம் கற்க, கடைசி மூன்று மாதம் கற்றுக்கொடுக்க. நடுவில் இருப்பதுதான் நிகழ்ச்சிகளுக்கு. நம்மவர்கள் பன்னிரண்டு மாதத்தையும் நிகழ்ச்சிகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

மாணவத் தலைவர்களுக்காக கூஸெஸ், போஸ்னர் என்ற இருவர் தயாரித்த ஒரு வினாக்கொத்து உண்டு. முப்பது கூற்றுகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறாய் என்று உன்னையே கேட்கும். சொன்னதைச் செய்து காட்டுவது, எல்லோருக்கும் பொதுவான ஒரு கனவைப் பேசுவது, பழைய வழியைக் கேள்வி கேட்பது, மற்றவர்களைச் செயல்பட வைப்பது, உழைத்தவரை மனதாரப் பாராட்டுவது என்று ஐந்து பழக்கங்களை அது பார்க்கிறது. பிறவிக் குணம் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை, எல்லாம் பழக்கம். நான் பழகிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதலாவதில் நன்றாக இருப்பார்கள், நான்காவதில் விழுவார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. 'அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குள் நானே செய்துவிடுவேன்' என்று நினைப்பார்கள். செய்தும் விடுவார்கள்.

ஒரே ஒரு யோசனை தருகிறேன். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதைச் சுற்றில் விடுங்கள். இந்தக் கிழமை இரண்டாம் வருடம், அடுத்த கிழமை முதலாம் வருடம். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நிகழ்ச்சி நிரலை முந்தின நாள் அந்தப் பிள்ளையே தயாரிக்கட்டும்.

---

பசறை 22 எழுதியது:

மலைரயில் அண்ணா, நானும் இளம் பொருளாளர்தான். சீட்டே தராத கடைகளில் என்ன செய்வது? ஓட்டோவுக்கு?

---

மலைரயில் எழுதியது:

தம்பி, சீட்டு இல்லாத செலவுக்கு நாங்களே ஒரு வவுச்சர் தாள் வைத்திருந்தோம். திகதி, எதற்கு, எவ்வளவு, காசு வாங்கியவரின் கையெழுத்து, கூடப் போனவரின் கையெழுத்து. ஓட்டோ அண்ணாமார் சந்தோஷமாகப் போட்டுத் தருவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அதைப் படம் பிடித்துக் குழுவில் போடு. கணக்கு உன் மண்டைக்குள் மட்டும் இருந்தால் உனக்குக் காய்ச்சல் வந்தால் சங்கத்துக்கும் காய்ச்சல்.

---

கொட்டகலை மழை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஹாலிஎல அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆமா, எங்க மலையிலயும் அப்படி ஒருத்தி இருந்தா" என்று நெடுநேரம் பேசினார்.

இன்னொரு சிக்கல். எங்கள் குழுவில் சிங்களத்தில் கடிதம் எழுத யாருக்கும் வராது. நிர்வாகப் பகுதிக்குப் போனால் நான் வாயடைத்து நிற்கிறேன். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. பழைய தலைவர் கண்டியில் வளர்ந்தவர், நன்றாகப் பேசுவார். எல்லாம் அவரிடமே சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

---

கம்பளைக்காரன் எழுதியது:

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முக்கியம், தங்கச்சி. யாருக்குச் சிங்களம் வருமோ அவர் கைக்கு அதிகாரம் போகிறது. தோட்டத்திலும் அப்படித்தான் நடந்தது, தொரையின் மொழி தெரிந்தவர் பெரிய ஆளானார்.

தமிழில் கடிதம் கொடுப்பது உங்கள் உரிமை. தமிழும் அரச கரும மொழி என்று 1987ல் 13ஆம் திருத்தம் சொன்னது, 1988ல் 16ஆம் திருத்தம் அதை இன்னும் விரித்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் மண்டபம் வேண்டுமென்றால் இரண்டு மொழியிலும் கடிதம் போவது நல்லது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மண்டபம் கேட்க, பஸ் கேட்க, அனுசரணை கேட்க, நிகழ்ச்சி முடிந்து நன்றி சொல்ல என்று நான்கைந்து கடிதங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்தோம். எங்கள் பட்ச்சில் இருந்த சிங்கள நண்பன் ஒருவன் உட்கார்ந்து திருத்தித் தந்தான். பதிலுக்கு அவன் சங்கத்தின் தமிழ் அறிவிப்புகளை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அது நல்ல சிநேகிதமாகிவிட்டது. அடுத்த வருடம் எங்கள் பொங்கலுக்குப் பானை பிடித்தவர்களில் பாதிப் பேர் அவன் ஆட்கள்.

நிர்வாகப் பகுதிக்குத் தனியாகப் போகாதீர்கள். சிங்களம் வருகிறவரையும் வராதவரையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் தடவை வராதவர் கேட்டுக்கொண்டு நிற்கட்டும். மூன்றாம் தடவை அவர் பேசட்டும், மற்றவர் பக்கத்தில் நிற்கட்டும். எனக்கு அப்படித்தான் வாய் திறந்தது.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் முதலாம் வருடம், நுவரெலியா மாவட்டம். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. எங்களுக்குச் சங்கம் என்றால் பயம். சங்கத்தில் பெரிய ஆட்களாக இருப்பவர்களே இரவில் எங்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உடுப்பு இப்படிப் போடு, அப்படிப் போடு என்கிறார்கள். "நீங்க கோட்டாவில வந்தவங்கதானே" என்று ஒருவர் சொன்னார். இதுதான் உங்களைத் தலைவர்களாக்கும் பயிற்சி என்றும் சொல்கிறார்கள். அது உண்மையா?

---

ஹாலிஎல அக்கா எழுதியது:

தம்பியோ தங்கச்சியோ, இல்லை. உண்மையில்லை. இதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அது பகிடிவதை, ராகிங். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். உனக்கு நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடமோ, மாணவ ஆலோசகரிடமோ, வீட்டிலோ உடனே சொல். தனியாகத் தாங்காதே. இப்போது எழுதியிருக்கிறாயே, அந்தத் துணிவே போதும் தொடங்க.

அடுத்தவரைக் கூனிக் குறுக வைத்துத் தலைவராக்க முடியாது. அப்படி வளர்ந்தவர்கள் அடுத்த பட்ச்சைக் குறுக வைப்பார்கள், வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பொறுப்பைக் கைமாற்ற வேண்டிய இடத்தில் இதைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

---

பத்தனைப் பக்கம் எழுதியது:

பிள்ளை, அந்தக் கோட்டாப் பேச்சுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது அந்தப் பாடநெறிகளுக்கு நாடு முழுக்க உள்ளே வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு மாவட்டக் கணக்கில்தான் வருகிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, லயத்தில் ஒரு அறைக்குள் ஐந்து பேருக்கு நடுவில் இருந்து பரீட்சை எழுதி அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் நீ. யார் முன்னாலும் தலை குனியாதே.

எங்கள் பிள்ளைகள் விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்காருவதைப் பார்க்கும்போது என் வயிறு எரியும். சங்கத்தில் இருப்பவர்கள் முதலாம் வருடத்தைப் பார்க்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கடைசி வரிசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவது.

---

பதுளை வீதி எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலாம் வருடப் பிள்ளை எழுதியது என்னை உலுக்கிவிட்டது. பயத்தைப் போக்குகிறவன் தலைவன் என்று நான் எழுதினேன். அந்தப் பிள்ளைக்குப் பயத்தைக் கொடுத்தவர்களும் தங்களைத் துணிச்சல்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். என் தாத்தா அதில் மாஸ்டர். அவர் ஆடி நான் பார்த்தது குறைவு. ஆட வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். மதனுக்கும் ரதிக்கும் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பொடியன்களை நிறுத்துவார். அவர்களுக்கு வேடம் கிடையாது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, தப்பு மேளத்துக்குக் கால் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரதிக்கு ஆடியவர் ஒரு வருடம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். கூத்து நிற்கவில்லை, பின்னால் நின்ற பொடியன் முன்னால் வந்தான். சேலை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது, குத்தி விட்டார்கள்.

தாத்தா செத்துப் பதினோரு வருடம். இந்த மாசியிலும் கம்பம் ஊன்றினார்கள். எழுதுவினைஞர் வேலை என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அக்கா.

---

கம்பளைக்காரன் எழுதியது:

பதுளை வீதி, பின்னால் நிற்கும் அந்த இரண்டு பொடியன்களைப் போல ஒவ்வொரு பதவிக்கும் பின்னால் ஒரு இளையவரை நிறுத்தலாமே. யாப்பில் உதவிச் செயலாளர், உதவிப் பொருளாளர் என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதோடு சரி, அவர்களிடம் யாரும் வேலை கொடுப்பதில்லை.

---

கொட்டகலை மழை எழுதியது:

ஐந்து கிழமை கழித்து வருகிறேன். என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு பதவிக்கும் பின்னால் ஒருவர் என்று பிரித்தோம். என்னோடு இரண்டாம் வருடத்துத் தங்கச்சி ஒருத்தி, பொகவந்தலாவை. பழைய தலைவர் அண்ணாவோடு ஒரு ஞாயிறு இரண்டு மணித்தியாலம் போனில் பேசி, அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுதி எடுத்தோம். "இதை யாரும் என்கிட்ட கேட்கவே இல்லையே" என்று அவர் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்களும் கேட்டிருக்க வேண்டும்.

கூட்டத் தலைமையைச் சுற்றில் விட்டது முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள், நடத்திய பிள்ளை அழுதுவிட்டாள். அடுத்த கிழமையும் அவளையே நடத்தச் சொன்னோம். அந்தத் தடவை நேரத்துக்கு முடித்தாள். இரவுக் கூட்டங்களை நிறுத்தச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள், இன்னும் முழுதாக நிற்கவில்லை. பெயர் வேண்டாம் என்று எழுதிய பிள்ளைக்கு: உங்கள் கம்பஸ் எதுவென்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் சங்கத்தில் முதலாம் வருடத்தை யாராவது இரவில் நிறுத்தினால் அவர் குழுவில் இருக்க முடியாது என்று கூட்டறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன சனிக்கிழமை மஸ்கெலியாவுக்குப் போனோம். அதிபரிடம் பொகவந்தலாவைத் தங்கச்சிதான் பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு. உள்ளே போனதும் அவள் திகதியைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். எனக்கு வாய் துடித்தது. மேசைக்குக் கீழே என் கையை நானே பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளே கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "மன்னிக்கணும் சேர், 23ஆம் திகதி" என்று திருத்தினாள். அதிபர் தேத்தண்ணி சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அவர் இலக்கத்தை அவளே தொடர்புப் புத்தகத்தில் எழுதினாள்.

மண்டபம் உறுதி. இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பௌதிகவியலுக்கு இன்னும் ஒருவர் தேவை. 23ஆம் திகதி காலை ஏழு மணிக்கு ஹட்டனில் இருந்து பஸ். வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள், தங்கச்சி உங்களோடு பேசுவாள்.